ஹீட் பம்ப் எத்தனை கிலோவாட்? மெஷினைப் பார்ப்பதற்கு முன் வீட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: 150 சதுர மீட்டரில் இரண்டு தளமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடாக இருக்க வேண்டும் என்று சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் கனமான இன்சுலேஷன், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி எல்லாம் போடுகிறோம். குளிர்காலத்தில் இங்கே மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும். வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்தான் என்று முடிவு செய்துவிட்டோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் 8 கிலோவாட் என்கிறார், இன்னொருவர் 12 என்கிறார். மூன்றாமவர், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் மெஷின் கடுங்குளிரில் கைவிட்டுவிடும், பூமியில் ஆழத் துளை போட்டு 10 கிலோவாட் மெஷின் வைத்தால்தான் ஆயிற்று என்று பயமுறுத்துகிறார். நாங்கள் நான்கு பேர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மூன்று தாளிலும் மெஷினின் பெயர் இருக்கிறது, கிலோவாட் இருக்கிறது, மொத்தத் தொகை இருக்கிறது. உங்கள் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்ற கணக்கு ஒன்றிலும் இல்லை. துணி தைப்பவர் அளவு எடுக்காமலே சட்டையைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக்கொள்வீர்களா?

நீங்கள் அனுப்பிய வரைபடத்தை வைத்து நானே தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் உங்கள் சுவர்கள் வழியாக 27 வாட் போகிறது. கூரை 10, தரை 11, ஜன்னல்கள் 25, காற்றோட்டமும் சிறு இடுக்குகளும் சேர்ந்து 17. ஆக மொத்தம் 90 வாட். உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 31. பெருக்கினால் 2,790 வாட். அதாவது வருடத்தின் மிகக் குளிரான இரவில்கூட உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும். அதற்குத்தான் 8, 10, 12 என்று கொண்டுவந்திருக்கிறார்கள்.

இந்த 8-உம் 12-உம் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? பழைய, இன்சுலேஷன் இல்லாத வீடுகளுக்குப் பழகிய ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று பெருக்கி, அதற்கு மேல் 'இருக்கட்டும்' என்று ஒரு சைஸ் கூட்டுவார்கள். வீடு குளிர்ந்தால் வாடிக்கையாளர் போன் செய்வார். கரண்ட் பில் ஏறினால் கம்பெனிக்காரர்களிடம் யார் போன் செய்கிறார்கள்? அதனால் அவர்களுக்குப் பெரிய மெஷின்தான் பாதுகாப்பு, உங்களுக்கு அல்ல.

பெரிசாக இருந்தால் என்ன, குறைவாக ஓடட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்றைய இன்வெர்ட்டர் மெஷின்கள் வேகத்தைக் குறைத்து ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. 12 கிலோவாட் மெஷின் பெரும்பாலும் மூன்று, நான்கு கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. வெளியே 7 டிகிரி இருக்கும் ஒரு சாதாரணக் குளிர்நாளில் உங்கள் வீட்டுக்குத் தேவை 1.3 கிலோவாட். மனிதர்களின் உடல்சூடு, விளக்கு, அடுப்பு எல்லாம் கழித்தால் 1 கிலோவாட்டுக்கும் குறைவு. மெஷின் கிளம்பும், குழாய்களில் ஓடி அறைகளைச் சூடாக்கும் தண்ணீரைச் சட்டென்று சூடாக்கும், போக இடமில்லாமல் நின்றுவிடும், மறுபடி கிளம்பும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் முதல் சில நிமிடங்கள் கரண்ட் போகும், வெப்பம் சரியாக வராது. கம்ப்ரசரின் ஆயுளும் தேயும்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீடு. பில்லைக் கண்டு பயந்துபோய்ப் பாதி அறைகளை மூடிவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வெளி யூனிட் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றேன். 6 நிமிடம் ஓடியது, 9 நிமிடம் நின்றது. திரும்பவும் 6, திரும்பவும் 9. ஒரு நாளைக்கு 96 தடவை! உள்ளே வந்து திரும்பும் குழாயில் கை வைத்தேன், போகும் குழாய்க்கும் அதற்கும் சூட்டில் வித்தியாசமே தெரியவில்லை. வீட்டின் தேவை 4 கிலோவாட், வைத்திருந்தது 14. மானிய விண்ணப்பத்தில் வெப்ப இழப்புக் கணக்குக்கு என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் தரைப்பரப்பை ஒரு எண்ணால் பெருக்கி எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. மூடிய அறைகளைத் திறக்கவைத்து, தண்ணீரின் சூட்டைக் குறைத்து, மெஷினின் உச்ச வேகத்துக்குக் கடிவாளம் போட்டுவிட்டு வந்தேன். நிலைமை கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். தப்பான சைஸை எந்த பட்டனாலும் சரிசெய்ய முடியாது.

மானியம் கொடுக்கும் அமைப்புகள் மீது எனக்குள்ள ஆத்திரம் இதுதான். மெஷின் சுவரில் ஏறியதா என்று போட்டோ கேட்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அது எத்தனை யூனிட் கரண்ட் வாங்கி எத்தனை யூனிட் வெப்பம் கொடுத்தது என்று கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைப் பார்த்துப் பணம் கொடுத்தால் பாதித் தரகர்கள் தொழிலை விட்டே போய்விடுவார்கள்.

சரி, மூன்றாமவரின் பயமுறுத்தலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 டிகிரி. அங்கிருந்தும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவதால்தான் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கதகதப்பாக இருக்கிறது. ஹீட் பம்ப் செய்வதும் அதே வேலை. மைனஸ் 10 டிகிரிக் காற்றிலும் எடுக்க வெப்பம் இருக்கிறது. பல புதிய மெஷின்களின் உள்ளே ஓடும் புரோப்பேன் வாயு மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், அதற்கு மைனஸ் 10 என்பது நல்ல சூடு. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற கடுங்குளிர் நாடுகளில்தான் வீட்டுக்கு வீடு ஹீட் பம்ப் அதிகம். குளிர் கூடக்கூட மெஷினின் சக்தியும் சிக்கனமும் குறையும் என்பது உண்மை. அதனால்தான் கொட்டேஷனில் 'மைனஸ் 10-இல் இத்தனை கிலோவாட் தரும்' என்று எழுதி வாங்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண் போதாது.

பூமித்துளை முறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆழத்தில் மண்ணின் சூடு வருடம் முழுக்க அதிகம் மாறாது, அதனால் மெஷின் நிதானமாக ஓடும். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டுமா? வருடத்துக்கு 5,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். காற்று மெஷின் 1 யூனிட் கரண்டுக்கு 4 யூனிட் வெப்பம் கொடுத்தால் 1,250 யூனிட் கரண்ட். பூமி மெஷின் 5 கொடுத்தால் 1,000. மிச்சம் வெறும் 250 யூனிட். அதற்காக ஆளைக் கூட்டி, ரிக்கை வரவழைத்து, 100 மீட்டர் துளைப்பதா? நீங்கள் இன்சுலேஷனுக்குச் செலவு செய்தபோதே அந்தச் சிக்கனத்தை வாங்கிவிட்டீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ஹீட் பம்பின் சிக்கனத்தைத் தீர்மானிப்பது பிராண்ட் அல்ல, குழாயில் அனுப்பும் தண்ணீரின் சூடு. வெளியே 0 டிகிரி இருக்கும்போது 35 டிகிரித் தண்ணீர் கேட்டால் நல்ல மெஷின் 1 யூனிட்டுக்கு 4 யூனிட் அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதே மெஷினிடம் 55 டிகிரி கேட்டால் 2.5 பக்கம் வந்துவிடும். தூக்க வேண்டிய உயரம் கூடினால் உழைப்பும் கூடும், அவ்வளவுதான் விஷயம். விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் 'சி.ஓ.பி. 5' (1 யூனிட் கரண்டுக்கு 5 யூனிட் வெப்பம்) என்பது பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்ற சுகமான நிலையில் எடுத்தது. அதை நம்பி ஏமாறாதீர்கள். பருவம் முழுவதற்குமான சராசரியைக் கேளுங்கள், எஸ்.சி.ஓ.பி. என்பார்கள். அதிலும் 35 டிகிரிக்கு ஒன்று, 55 டிகிரிக்கு ஒன்று என இரண்டு எண் உண்டு. உங்கள் வீட்டில் ஓடப்போகும் சூட்டுக்கு எது பொருந்துகிறதோ அதைப் பாருங்கள்.

உங்களுக்கு நல்வாய்ப்பு, தளம் இன்னும் போடவில்லை. தரைக்கு அடியில் குழாய்களை நெருக்கமாக, 10 அல்லது 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டச் சொல்லுங்கள். 30-லிருந்து 35 டிகிரித் தண்ணீரே போதும். குழாயில் மிச்சம் பிடிக்க இடைவெளியை அகட்டிவிடுவார்கள், கான்கிரீட் மூடிவிட்டால் உங்களுக்குத் தெரியாது. அளவு நாடாவை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்துக்கு ரேடியேட்டர், அதாவது சுடுதண்ணீர் ஓடும் சுவர்ச் சூடாக்கி, என்றால் பெரியதாக எடுங்கள்.

சூடாக்கிய தண்ணீரைத் தேக்கிவைக்கும் பஃபர் டேங்க் ஒன்றையும் கொட்டேஷனில் சேர்த்திருப்பார்கள். எதற்கு என்று கேளுங்கள். 'எல்லாருக்கும் போடுவோம்' என்பது பதிலானால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சரியான சைஸ் மெஷினுக்கும் நெடுக ஓடும் தரைக் குழாய்களுக்கும் நடுவே அது தேவையில்லை. போகும் தண்ணீரும் வரும் தண்ணீரும் அதில் கலந்து சூடு இறங்கும், அதை ஈடுகட்ட மெஷின் இன்னும் சூடாக அனுப்ப வேண்டிவரும்.

தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள் என்று இவ்வளவு சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது குளியல் சுடுதண்ணீர். உங்களைப் போன்ற வீட்டில் இதை யாரும் யோசிப்பதில்லை. நான்கு பேருக்கு நாளுக்கு 200 லிட்டர் வேண்டும் என்று வையுங்கள். 10 டிகிரித் தண்ணீரை 50-க்கு ஏற்ற 9 யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பம் தேவை. வருடத்துக்கு 3,400 யூனிட். வீட்டைச் சூடாக்க 5,000, குளிக்க 3,400! பழைய வீட்டில் சுடுதண்ணீர் ஓரத்தில் கிடக்கும் செலவு, உங்கள் வீட்டில் அது ஐந்தில் இரண்டு பங்கு. எனவே மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் எடைபோட வேண்டும். 3 கிலோவாட் போதும் என்று சொன்ன நானே 4 அல்லது 5 கிலோவாட் மெஷின் எடுங்கள் என்று சொல்வது இதனால்தான். 5 கிலோவாட் இருந்தால் 200 லிட்டர் டேங்கை இரண்டு மணி நேரத்தில் சூடாக்கிவிட்டு வீட்டைக் கவனிக்கத் திரும்பிவிடும்.

டேங்கிலும் ஒரு சூது இருக்கிறது. கேஸ் பாய்லருக்குச் செய்த பழைய டேங்கை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதன் உள்ளே இருக்கும் சுருள் குழாய் சிறியது. 80 டிகிரித் தண்ணீர் ஓடும்போது அது போதும், ஹீட் பம்புக்குப் போதாது. சுருளின் பரப்பு 2 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 3 என்றால் இன்னும் நல்லது. இது மட்டும் தவறினால் டேங்கை 50 டிகிரிக்குக் கொண்டுவர மெஷின் 60-ஐத் தாண்டி மூச்சுவாங்கும்.

அப்புறம் லெஜியோனெல்லா. வெதுவெதுப்பான நீரில் வளரும் பாக்டீரியா, நுரையீரலைத் தாக்கும், விளையாட்டில்லை. அதற்காக வாரத்துக்கு ஒரு தடவை டேங்கை 60 டிகிரிக்கு ஏற்றுவது வழக்கம். ஆனால் பொருத்துபவர் தினமும் 65 என்று செட் செய்து, அதையும் டேங்கில் சொருகியிருக்கும் மின்சூடாக்கிக் கம்பியால் செய்யவிட்டுப் போய்விடுவார். கம்பி 1 யூனிட் வாங்கி 1 யூனிட்தான் கொடுக்கும். நீங்கள் ஹீட் பம்ப் வாங்கியதன் அர்த்தமே அங்கே ஒழுகிப் போகிறது. புரோப்பேனில் ஓடும் மெஷின்கள் தாமாகவே 60-ஐ எட்டும், கம்பி தேவைப்படாது. வீட்டில் முதியவர்களோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோ இருந்தால் மட்டும் சிக்கனத்தைப் பார்க்காதீர்கள், எப்போதும் 60-லேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புரோப்பேன் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. அதன் குறியீடு ஆர்290. புவியைச் சூடாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால் பழைய மெஷின்களில் ஓடும் ஆர்410ஏ வாயு 2,088, ஆர்32 675, புரோப்பேன் சுமார் 3. வீட்டை இவ்வளவு அக்கறையோடு கட்டும் உங்களுக்கு இதுதான் பொருத்தம். எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது, ஆகவே வெளி யூனிட்டை ஜன்னல், சாக்கடை மூடி, நிலவறைப் படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பது மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும். வெளி யூனிட்டில் படியும் பனி உருகி ஒழுகும் தண்ணீர் நடைபாதைக்குப் போகாமல் வழி செய்யுங்கள், உறைந்தால் வழுக்கும்.

மெஷின் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இன்றைய மெஷின்களில் பெரும்பாலும் உண்டு. தொழிற்சாலையில் வைத்த செட்டிங்கிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், அது பெரும்பாலும் தேவைக்கு மேல் சூடாகவே இருக்கும். முதல் குளிர்காலத்தில் நீங்களே வாரத்துக்கு 1 டிகிரி குறைத்துப் பாருங்கள். அறைகளின் வால்வுகள் எல்லாம் முழுதாகத் திறந்திருக்கட்டும். வீடு குளிர்வதாகத் தோன்றும் வாரத்தில் 1 டிகிரி கூட்டிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். இரவில் அணைத்துக் காலையில் போடும் பழக்கம் வேண்டாம்.

இப்போது அந்த மூவருக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு, மைனஸ் 10-இல் மெஷின் தரும் சக்தி, அது இறங்கக்கூடிய குறைந்தபட்ச சக்தி, அந்தக் குளிரில் குழாயில் ஓடும் தண்ணீரின் சூடு, டேங்க் சுருளின் பரப்பு, இவை எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். கரண்டுக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று எனத் தனித்தனி மீட்டர் வைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தால் அவரை விட்டுவிடுங்கள். கணக்கோடு யாராவது வந்தால், அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.