மேய்க்கால் புறம்போக்குல இன்னும் 40 ஆடு தாங்குமா?

கேள்வி: சார், விருதுநகர் பக்கம். 60 செம்மறி தாயாடு, ஊர் மேய்க்கால் புறம்போக்கு (பொது மேய்ச்சல் நிலம்) 20 ஏக்கர்லதான் மேய்க்கிறேன், இன்னும் ரெண்டு பேரு ஆடு ஒரு 90 அங்கயே வரும். லோன் போட்டு 40 வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு லோன் போட்றாதீங்க தம்பி, முதல்ல புல்லை எடை போடுங்க. மார்கழில மழை நின்னதும் ஒரு மீட்டர் சதுரத்துக்கு கம்பிய வளைச்சு எடுத்துட்டுப் போயி, பச்சை பாத்து வைக்காம கண்ண மூடி வீசுங்க, விழுற பத்து இடத்துல புல்லை ஒட்ட அறுத்து முறுமுறுன்னு காயவச்சு தராசுல போடுங்க. சராசரி 100 கிராம் வந்தா ஏக்கருக்கு 400 கிலோ. அதுல பாதிய நிலத்துக்கே விட்ரணும், இல்லன்னா கொழுக்கட்டைப்புல்லு தூரோட போயிரும். மிச்சம் 20 ஏக்கருக்கு 4000 கிலோ. 30 கிலோ ஆடு நாளைக்கு காஞ்ச கணக்குல ஒரு கிலோ கிட்ட தின்னும், உங்க 60 மட்டும்னா 66 நாள், ஆனா மேயுறது 150 ஆச்சே, 26 நாள்தான். 40 சேத்தா 21. இதுல சீமைக்கருவேல் அடைச்ச இடத்த வேற கழிக்கணும், அதுக்கு அடில புல்லு ஏது! அறுப்பு முடிஞ்ச காடு, கிடை போடுற (எருவுக்காக ராத்திரி ஆட்ட அடைக்கிற) காடு எத்தன நாள் கிடைக்கும்னு தனியா ஒரு நோட்டுல எழுதுங்க.

அப்புறம் மூணு இடத்துல கருவேல முள்ள வெட்டி சின்ன வட்டமா அடைச்சு விடுங்க, ஆடு வாய் வைக்கக் கூடாது. மாசம் ஒருவாட்டி அதே கல்லு மேல நின்னு வட்டத்துக்கு உள்ள, வெளிய ரெண்டும் தெரியுற மாதிரி போன்ல போட்டோ எடுங்க. உள்ள முழங்கால் உசரம், வெளிய வெறும் மண்ணுன்னா ஆட்ட அங்கருந்து ஓட்டிருக்க வேண்டிய நாள் தாண்டிருச்சு. அந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டுப்போயி காட்டுங்க, நீங்க மட்டும் புல்லை மிச்சம் வச்சா அவங்க ஆடு தின்னுட்டுப் போயிரும், மூணு பேரும் பேசி ஒரு பக்கத்த மாத்தி மாத்தி ஆடு விடாம காயப்போட்டாதான் உண்டு.

லோன் ஆடு சினையாகி ஈன அஞ்சு மாசம், குட்டி விலைக்கு வர இன்னும் நாலஞ்சு மாசம், தவணை அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. பல்லு போனது, குட்டி தங்காததுன்னு உங்க மந்தையிலயே நிக்கும், அதையெல்லாம் தை மாசில உடம்போட இருக்கும்போதே தள்ளிருங்க. சித்திரைல எலும்பும் தோலுமா சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா யாவாரி சொல்றதுதான் விலை. நல்ல பெட்டைக்குட்டிய மட்டும் விக்காம வைங்க, மந்தை தானா பெருகட்டும்.

ஆமா, மழைக்கு முன்னாடி துள்ளுமாரி (குடல்ல நச்சு ஏறி திடீர்னு சாகடிக்கிற நோய்) ஊசி போட்டாச்சா? புதுப்புல்லு மேயுற நேரம் கொழுத்த குட்டிதான் முதல்ல சாயும்.