கேத்தலில் ஒட்டிய தாள்

அன்புள்ள ஐயா,

வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபின், கண் விழித்ததும் ஃபோனை எடுக்கும் பழக்கத்தை விட நினைத்தேன். அன்றாட வேலைகளின்போது சொல்லும் குட்டிச் செய்யுள்களான காதாக்களை இணையத்தில் தேடியெடுத்துத் தமிழாக்கிக் கட்டில், குழாய், கேத்தல் எல்லாவற்றிலும் ஒட்டினேன். பத்து நாள் நன்றாகப் போனது. இப்போது வாய் சொல்லி முடிக்குமுன் கை வட்ஸ்அப்பைத் திறந்துவிடுகிறது. சைவக்காரிக்குப் பௌத்தச் செய்யுள் எதற்கு என்று அம்மா வேறு கேட்கிறார்.

வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரி,

கொட்டாவி விட்டால் 'சிவ சிவா' என்பவர்தானே அம்மாவும்? திருநீறு பூசும்போது 'மந்திரமாவது நீறு' சொல்லி வளர்ந்தவர்கள் நாம். செய்கையோடு சொல்லைக் கட்டுவது நமக்குப் புதிதில்லை.

பௌர்ணமிப் போயா நாளில் சிங்கள அயலவர் பூ வைத்துச் சொல்லும் பாளி காதாவைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பூ வாடுவதுபோல் என் உடலும் அழியும் என்கிறது. பூ கையிலேயே இருக்கிறது, அதுதான் விஷயம். திக் நாட் ஹான் 16 வயதில் ஹுவே நகர மடத்தில் சேர்ந்தபோது மனப்பாடம் செய்த காதாக்களும் கை கழுவுவது, விளக்கேற்றுவது போன்றவற்றுக்கானவை. பின்னாளில் தொலைபேசிக்கும் கார் ஓட்டுவதற்கும் அவரே எழுதிச் சேர்த்தார். நீங்களோ அவர் வீட்டு வரிகளை உங்கள் குழாயில் ஒட்டியிருக்கிறீர்கள்.

கொழும்புக் காலி வீதியில் ஹோர்ன் அடிப்பவர்களைத் திட்டாமலிருக்க நானும் ஒன்று எழுதினேன். உபதேச வரி. மூன்று நாள்கூட நிற்கவில்லை! நின்றது கேத்தலுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது சொல்வதுதான்:

மலையில் பிறந்து
அம்பத்தலை வழி வந்தாய்.
நானும் இப்போதுதான் வந்து சேர்கிறேன்.

களனி கங்கைத் தண்ணீர் அம்பத்தலையில் சுத்தமாகித்தான் நம் குழாய்க்கு வருகிறது என்று தெரியும், அதனால் சொல்லும்போது ஆறு கண்ணில் தெரிகிறது. அதுவும் சில நாள் வெறும் சத்தமாகிவிடும். அப்போது ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பேன்.

தாள்களையெல்லாம் கிழித்துவிடுங்கள். ஃபோனுக்கு மட்டும் ஒன்று போதும், ஒரு மூச்சளவு. நீங்கள் எழுதும்வரை இதைக் கடனாக வைத்துக்கொள்ளுங்கள்:

கறுப்புக் கண்ணாடியில் என் முகம்.
இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம், இரவில் ஃபோனைக் குசினியில் வைத்துவிட்டுப் படுங்கள். சொல்லுக்கு நாலு எட்டு நடக்கும் நேரமாவது கிடைக்கும். அலாரத்துக்கு என்ன செய்வது என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். புறக்கோட்டையில் மணிக்கூடு விற்கிறார்கள்.