நெல்லில் பூச்சிமருந்து எச்சம் பார்க்க மனித நொதியமே வாங்க வேண்டுமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் இறுதி வருட ஆய்வு செய்கிறீர்கள். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களின் நெல்லில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று அசற்றைல்கோலினெஸ்ரரேஸ் நொதியத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இது நரம்புகளில் வேலை செய்யும் நொதியம், சில பூச்சிமருந்துகள் இதைத் தடுக்கும், எவ்வளவு தடுபட்டது என்பதை வைத்து எச்சத்தை அறியலாம். அதற்கு, கலங்களில் உற்பத்தி செய்த மனித நொதியம் வாங்குவதா, மின்விலாங்கில் இருந்து எடுத்தது போதுமா என்பதுதான் கேள்வி.

எச்சம் உண்டா இல்லையா என்று பார்க்க மின்விலாங்கு போதும். விலையும் குறைவு. மனித நொதியத்தைப் பெரும்பாலும் ஹெக் 293 போன்ற மனிதக் கலங்களில் வளர்த்து எடுக்கிறார்கள், ஏனென்றால் ஈ.கோலை பற்றீரியாவில் செய்தால் அது சரியாக மடியாமல் கட்டிபட்டுப் போகும், சீனிச் சங்கிலிகளும் ஒட்டாது. அதனால்தான் அந்த விலை. ஆனால் இந்த மருந்து மனித நொதியத்தை எவ்வளவு தடுக்கிறது, மாற்றுமருந்தான பிரலிடொக்சைம் கொடுத்தால் எவ்வளவு மீள்கிறது என்று எழுதப் போகிறீர்கள் என்றால் மனித நொதியம் கட்டாயம் வேண்டும். மீளும் வேகம் இனத்துக்கு இனம் மாறும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. குளோர்பைரிபோஸ், டைமெதோயேற் மாதிரியான மருந்துகள் போத்தலில் உள்ளபடியே இந்த நொதியத்தைப் பெரிதாகத் தடுக்காது. பொசுபரசோடு சேர்ந்திருக்கும் கந்தகத்தின் இடத்துக்கு ஒட்சிசன் வந்த பிறகுதான் அது நஞ்சாக வேலை செய்யும், உடம்பில் அந்த மாற்றத்தை முக்கியமாகச் செய்வது ஈரல். மனித நொதியம் வாங்கினாலும் குழாய்க்குள் ஈரல் கிடையாது. புரோமின் நீரால் மாதிரியை ஒட்சியேற்றி, மிச்சப் புரோமினை நீக்கிவிட்டுத்தான் நொதியத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து இருக்கும் நெல்லையே சுத்தமானது என்று எழுதிவிடுவீர்கள். காபமேற்றுகள் என்ற மற்றப் பூச்சிமருந்து வகைக்கு இந்த வேலை தேவையில்லை, அவை நேராகவே தடுக்கும்.

1961இல் எல்மன் சொன்ன முறையைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், நொதியம் வேலை செய்யும்போது வரும் மஞ்சள் நிறத்தை 412 நனோமீற்றரில் அளப்பது. நெற்சாற்றில் தயோல் (கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த கூட்டம் உள்ள சேர்வை) இருந்தால் நொதியம் இல்லாமலே மஞ்சள் வரும், அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் நொதியம் சேர்க்காத குழாய் ஒன்று வையுங்கள்.

அப்புறம், வாங்கும்போது மில்லிகிராமைப் பார்க்காதீர்கள், எத்தனை அலகு என்று பாருங்கள். ஒரு அலகு என்றால் நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல், ஆனால் எந்த வெப்பநிலையில், நொதியம் தாக்கும் எந்தப் பொருளை வைத்து அளந்தார்கள் என்பதையும் கூட வரும் தாளில் வாசியுங்கள். வந்த உடனே சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள், உருக்கி உருக்கி உறைய வைத்தால் செயல்பாடு போய்விடும். கரண்ட் நின்றால் குளிரூட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பொறுப்பாளரிடம் முதலே கேட்டுவிடுங்கள். ஐதாக்கும்போது கொஞ்சம் மாட்டு அல்புமின் புரதம் சேர்க்காவிட்டால் நொதியம் பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டிக் குறைந்துபோகும்.

மருந்தடிக்கிற ஆட்களின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் எண்ணமும் இருந்தால், எனக்கு அதுதான் நெல்லைவிட அவசரமாகத் தெரிகிறது, முகக்கவசம்கூட இல்லாமல் தோளில் மருந்துத் தாங்கியோடு வயலில் இறங்குகிறார்கள். அதற்கு நொதியமே வாங்கத் தேவையில்லை, செங்குருதிக் கலத்தில் இதே நொதியம் இருக்கிறது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுத்து, மருந்தடிக்கும் காலத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆளின் இரத்தத்தை அளந்து ஒப்பிடுங்கள்.