சொந்தப் பெயரில் மெயில்: கே-யா, ஜி-யா?

கேள்வி: தாண்டிக்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. இரண்டு வருடமாகப் பழத்தை வியாபாரியிடம் போடாமல் நாங்களே காயவைத்து, வறுத்து, அரைத்து விற்கிறோம். மதுரையில் ஒரு ஹோட்டல்காரர் விலைப்பட்டியல் கேட்டார். ஜிமெயிலிலிருந்து அனுப்பினோம். "கம்பெனி மெயில் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். ஊர்ப் பெயரில் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி மெயிலும் அமைத்துத் தர ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, நாங்களே செய்துகொள்ள முடியுமா?
- வாசகி, தாண்டிக்குடி

பதில்: பணத்தை விடுங்கள், முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: டொமைனை யார் பெயரில் வாங்குவார்?

கேட்கக் காரணம் இருக்கிறது. மூஞ்சிக்கல்லில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், தெரிந்த பையன் ஒருவன் எனக்கு டொமைன் வாங்கிக் கொடுத்தான். வாங்கியது அவனுடைய கணக்கில், அவனுடைய மெயில் முகவரியைக் கொடுத்து. அப்புறம் அவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவன் பார்க்காத அந்தப் பழைய பெட்டிக்கே போயிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை எனக்கு மெயில் வருவது நின்றது. கொடைக்கானல் மழைக்கு லைன் போயிருக்கும் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். விஷயம் புரிந்து அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் கெடு முடிந்து, வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள். அச்சடித்த விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில்தான் இன்றும் பால் கணக்கு எழுதுகிறேன்.

அதனால் டொமைனை மட்டும் உங்கள் கையால், உங்கள் பெயரில், உங்கள் கார்டில் பணம் கட்டி வாங்குங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் உங்கள் பழைய ஜிமெயிலாகவே இருக்கட்டும். புது டொமைன் மெயிலையே கொடுத்தால், டொமைன் நின்றுபோகும் அன்று அதை மீட்கும் கடிதமும் உங்களுக்கு வராது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இன்னொன்று, முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம் வருடத்திலிருந்து என்ன விலை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது மெயில் பெட்டி. டொமைன் விற்பவரிடமேதான் மெயிலும் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று யாரிடமும் வாங்கலாம். பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரே பெட்டி போதும் என்பேன். 'ஆர்டர்', 'பில்' என்று தனி முகவரிகள் வேண்டுமென்றால் அதே பெட்டிக்கு அலையஸ் போட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண் மாதிரி. அதற்குத் தனிக் காசு இல்லை.

இனி இரண்டையும் இணைக்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு அவர் செய்யப் போவது பெரும்பாலும் இதைத்தான். டொமைன் வாங்கிய இடத்தில் உள்நுழைந்தால் டிஎன்எஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். மெயில் நிறுவனம் கொடுக்கும் சில வரிகளை அங்கே ஒட்ட வேண்டும்.

முதல் வரி எம்எக்ஸ். இந்தப் பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்வது அதுதான். டொமைன் விற்றவரே அங்கே பழைய எம்எக்ஸ் வரி ஏதாவது வைத்திருப்பார். அதை அழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் பாதி மெயில் இங்கே, பாதி அங்கே என்று போய், அந்த ஹோட்டல்காரரின் ஆர்டர் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும்.

அப்புறம் எஸ்பிஎஃப். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை என்கிற வரி. ஒரு டொமைனுக்கு இது ஒன்றுதான் இருக்க வேண்டும். பின்னால் பில் போடும் மென்பொருள் ஒன்று வாங்கி, அதுவும் உங்கள் பெயரில் மெயில் அனுப்ப வேண்டுமென்றால், இருக்கும் வரிக்குள்ளேயே அதைச் சேருங்கள். இரண்டாவது வரி போட்டால் இரண்டுமே செல்லாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

டிகிம் என்பது அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் விழும் முத்திரை. அந்த முத்திரை உண்மையா என்று சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் நீளமான எழுத்து வரிசையாக இருக்கும். ஒட்டும்போது கடைசி எழுத்து விடுபட்டாலும் வேலை செய்யாது, மொபைலில் செய்யாதீர்கள். எஸ்பிஎஃப்பும் டிகிமும் தேறாத மெயில் உங்கள் பெயரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வது டிமார்க். ஆரம்பத்தில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றே வையுங்கள். சில வாரம் சிக்கல் இல்லாமல் ஓடியதும் 'ஸ்பேமில் போடு' என்று மாற்றலாம்.

இவ்வளவும் வேண்டுமா என்றால், வேண்டும். எஸ்பிஎஃப்போ டிகிமோ ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லாரிடமும் கேட்கிறது. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கும் சேர்த்து மூன்றும் கட்டாயம். நீங்கள் அவ்வளவு அனுப்பப் போவதில்லை, ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து, இணைய வேகத்தைப் பொறுத்து, ஒரு மதியப் பொழுது வேலை. மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகலாம், சில நேரம் ஒன்றிரண்டு நாள்கூட. புதுப் பெட்டியிலிருந்து பழைய ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' தட்டினால் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று வர வேண்டும். வந்தபின் ஹோட்டல்காரருக்கு அனுப்புங்கள். பழைய ஜிமெயிலை மூடாமல், வருவதைப் புதுப் பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

செய்து பார்த்து முடியவில்லை என்றால் அந்த ஒட்டு வேலைக்கு மட்டும் அவரிடம் கூலி பேசிக்கொள்ளுங்கள், அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும்.

பெயரைப் பற்றி ஒரு சந்தேகம். உங்கள் ஊரை ஆங்கிலத்தில் சிலர் 'கே' போட்டு எழுதுகிறார்கள், சிலர் 'ஜி' போட்டு. போனில் முகவரி சொல்லும்போது தினமும் இந்தப் பஞ்சாயத்து வரும். முடிந்தால் இரண்டையும் வாங்கி, ஒன்றுக்கு வருவது மற்றதன் பெட்டியில் விழும்படி செய்யுங்கள். இல்லையென்றால் ஊரை விட்டுவிட்டு, ஒரே மாதிரி எழுதக்கூடிய சின்னப் பெயராகப் பாருங்கள்.

கேள்வி: பூம்பாறையில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். டொமைனில் எந்தப் பெயருக்கு மெயில் வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி செய்யலாம் என்கிறார்களே, நல்லதா?
- வாசகர், பூம்பாறை

பதில்: எழுத்துப்பிழையோடு வரும் புக்கிங்கும் கையில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டு அனுப்பும் குப்பை மெயிலும் அதே பெட்டியில் விழும். சீசனில் அதைக் கிளறிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வேண்டிய நாலைந்து பெயருக்கு அலையஸ் போட்டுவிட்டு, அந்த வசதியை அணைத்து வையுங்கள்.