கும்மிப் பாட்டு ஏன் பட்டியலேறவில்லை?

கேள்வி: எங்க வள்ளி கும்மிப் பாட்டை யூடியூப்ல நிறையப் பேரு பார்க்கறாங்க. ஆனா எந்த இசைப் பட்டியல்லயும் வரலையே, ஏனுங்க?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் அது எந்தப் பட்டியல் என்று பாருங்கள். இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு 2021இல் தொடங்கிய முதல் 20 பட்டியல் வெளிநாட்டுப் பாடல்களுக்கு மட்டுமே. தமிழ்ப் பாட்டு எவ்வளவு ஓடினாலும் அதில் இடமில்லை. அமெரிக்காவின் ஹாட் 100 என்ற பாடல் பட்டியலிலும் 1998 டிசம்பர் வரை, சிங்கிளாக (தனிப் பாட்டு வெளியீடாக) விற்பனைக்கு வராத பாட்டு நுழைய முடியவில்லை. வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும் அதே கதிதான். யூடியூப் பட்டியலில் விளம்பரமாகக் காசு கட்டி வாங்கிய பார்வைகள் 2019 முதல் சேர்வதில்லை.

நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டியது ஐஎஸ்ஆர்சி எண். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட அடையாளம் அது. ஸ்டுடியோவில் பாடியதற்கு ஒன்று. கோயில் நோம்பியில் நேரடியாகப் பதிந்ததற்கு வேறொன்று. ஒரே பதிவை இரண்டு விநியோகஸ்தர் (பாட்டை இசைச் செயலிகளில் ஏற்றித் தருபவர்) வழியே ஏற்றி இரண்டு எண் வாங்கினால், எத்தனை முறை கேட்டார்கள் என்ற கணக்கு இரண்டாகப் பிரிந்துபோகும். விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுத்துப் பதியுங்கள்.

ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியில் ஒரு பதிவை 30 நொடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. கும்மிக்கு முன்னால் காப்புப் பாடல் (கடவுள் வாழ்த்து) நீண்டால், அதற்குள் விலகிப்போகிறவர் கணக்கில் வரமாட்டார். ஆகவே நீளமான காப்புப் பாடலைத் தனிப் பதிவாக வெளியிடுவதே நல்லதுங்க.