கோடைக் காமிகெட்: உடையும் சில்லறையும்

வணக்கம். முதல் முறையாக ஆகஸ்ட் காமிகெட்டுக்கு, அதாவது டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே வெளியிட்ட காமிக்ஸ் விற்கும் பெரிய சந்தைக்கு, போகிறீர்கள். காஸ்ப்ளே (கதாபாத்திர வேட) உடையை ஹோட்டலிலேயே போட்டுக்கொண்டு கிளம்பலாமா, கார்டு மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிவராது.

உடையோடு வருவதும் திரும்புவதும் அங்கே தடை. பையில் கொண்டுபோய், காமிகெட் நடக்கும் டோக்கியோ பிக் சைட் அரங்கின் உடைமாற்றும் அறையில் மாற்றிக்கொள்ளுங்கள். யாரையும் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

பணம்தான் முக்கியம். டோஜின்ஷி (சொந்தமாக வெளியிடும் காமிக்ஸ் புத்தகங்கள்) விற்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ரசிகர்களே. பல மேசைகளில் வரைந்தவரே உட்கார்ந்திருப்பார். அவர் கையிலிருந்து வாங்கும் சந்தோஷத்துக்காகவே போகலாம்! அவரிடம் 10,000 யென் நோட்டை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடிப் போவார், பின்னால் வரிசையும் நிற்கும். 1,000 யென் நோட்டுகளும் 500, 100 யென் நாணயங்களும் முந்தின நாளே சேர்த்து வையுங்கள்.

நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ராத்திரியே போய் வரிசையில் நிற்கக் கூடாது. நம்மூர் வெயிலைப் பார்த்தவர்தானே என்று அலட்சியம் வேண்டாம். நிழலில்லாத இடத்தில் வெகுநேரம் நிற்க வேண்டிவரும், புழுக்கமும் அதிகம். தொப்பி, தண்ணீர், உப்பு மிட்டாய் கட்டாயம்.

ரிங்காய் ரயிலில் போனால் கொகுசாய் தென்ஜிஜோ நிலையத்தில் இறங்குங்கள். திரும்பிவரும் கட்டணத்தையும் ரயில் கார்டில் காலையிலேயே ஏற்றிவிடுங்கள், சாயங்காலம் கார்டில் பணம் ஏற்றும் இயந்திரங்கள் முன் கூட்டம் தாங்காது.