பழைய பெஜோவுக்குப் புது ஷிஃப்டர்: எந்த ஹேண்டில்பார் பொருந்தும்?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். பழஞ்சாமான் சந்தையில் 1970களின் பெஜோ ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஃபிரேமில் ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாயின் ஸ்டிக்கர் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குனிந்து கீழ்க்குழாயில் இருக்கும் கியர் லீவரைத் தேடுவது பயமாக இருப்பதால், பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் ஷிமானோ 105 பதினோரு கியர் ஷிஃப்டர்களை வாங்கிப் பழைய ஹேண்டில்பாரிலேயே மாட்டினேன். மேலே பிடித்தால் கை முன்னால் வழுக்குகிறது. கீழே பிடித்தால் பிரேக் விரலுக்கு எட்டவில்லை. பழைய தோற்றம் கெடாமல் எந்த ஹேண்டில்பார் போடலாம்? ஒருவர் 26 என்கிறார், இன்னொருவர் 31.8 என்கிறார். தலை சுற்றுகிறது.

பதில்: பதினோரு கியர் போட்டுவிட்டீர்கள் என்றால் பின் சக்கரம் நுழைய ஃபிரேமின் பின்பக்க இடைவெளியை 130 மி.மீ.க்கு விரித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேராக ஹேண்டில்பாருக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் இரண்டு தொந்தரவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்தக் காலத்தில் பிரேக் லீவர் என்பது வெறும் பிரேக் லீவர்தான். அதன் ரப்பர் உறை கட்டைவிரல் இடுக்கில் அடங்கிவிடும். அதனால் ஹேண்டில்பாரின் மேல்பகுதி வளைந்து முன்னால் போகும்போதே கீழ்நோக்கிச் சரியும்படி செய்தார்கள். லீவரை அந்தச் சரிவில், நன்றாகக் கீழே இறக்கி மாட்டினார்கள். லீவர் நுனி, ஹேண்டில்பாரின் கீழ் நேர்ப்பகுதியோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது அன்றைய மெக்கானிக்குகளின் கணக்கு. ஒரு மரப்பலகையை அடியில் வைத்துச் சரிபார்ப்பார்கள்.

ஷிமானோ 1990இல் பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்தது. இரண்டு வருடத்தில் இத்தாலியின் கம்பன்யோலோ கம்பெனியும் அதே வழிக்கு வந்தது. அதன்பிறகு ரப்பர் உறையே உள்ளங்கை உட்காரும் திண்ணை ஆகிவிட்டது. ஹேண்டில்பாரின் மேல்பகுதி தட்டையாக வந்து, எங்கே முடிகிறது எங்கே உறை தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாமல் சேர வேண்டும். உங்கள் பழைய ஹேண்டில்பார் கம்பியில் சரிவின் நடுவில் புது ஷிஃப்டரை மாட்டியிருக்கிறீர்கள். திண்ணையே சாய்ந்திருந்தால் அதில் உட்கார்ந்தவர் வழுக்கத்தானே செய்வார்? வழுக்குகிறதே என்று லீவரை மேலே ஏற்றினால், உறைக்குப் பின்னால் ஒரு குழி விழும், லீவர் நுனியும் கீழே பிடித்திருக்கும் கையைவிட்டு விலகிப் போகும்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது உருண்டை வளைவும் தட்டையான மேல்பகுதியும் சேர்ந்த ஒரு கம்பி. கடையில் இரண்டு எண்கள் கேளுங்கள். நடுவிலிருந்து முன் வளைவு வரை எவ்வளவு நீளுகிறது என்பது ரீச். மேலிருந்து கீழ்ப்பிடி எவ்வளவு இறங்குகிறது என்பது டிராப். உங்கள் பழைய கம்பியை அளந்தால் ரீச் 95, 100 என்றும் டிராப் 140க்கு மேலும் வரலாம். புதியதில் ரீச் 75 முதல் 85 வரை, டிராப் 125 முதல் 135 வரை பாருங்கள். கருப்பு வேண்டாம், வெள்ளி நிறம். கீழ்ப்பிடியில் சட்டென்று ஒரு மூலை ஒடிந்து நேராகப் போகும் 'அனாட்டமிக்' வகை 1990களின் மோஸ்தர். கைக்குப் பிடித்தவர்கள் உண்டு, எனக்கு அது பட்டு வேட்டிக்குக் கீழே ஷூ போட்ட மாதிரி. உங்கள் பெஜோவில் வேண்டாம்.

ஜப்பானின் நிட்டோ கம்பெனி செய்யும் 177ஆம் மாடலை, 'நூடுல்' என்று செல்லமாக அழைப்பார்கள், நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். மேல்பகுதி தட்டை, மினுமினுப்பும் அழகு, புது ஷிஃப்டர் அதில் நன்றாகவே உட்காரும். ஆனால் ரீச் நீளம். உயரமானவராக, கை நீளமானவராக இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் குறைந்த ரீச் உள்ளதே மேல். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: புது ஷிஃப்டரின் உறை பழையதைவிட நீளம். கம்பியில் மிச்சம் பிடித்த 15, 20 மி.மீ.யை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடித்து ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டான ஸ்டெம்மைப் பழைய நீளத்திலேயே வாங்கி ஓட்டிப் பார்த்து, தோள் இழுத்தால் 10 மி.மீ. குறைக்கலாம். அகலத்தில் ஒரு குழப்பம் உண்டு. சில கம்பெனிகள் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கும், சினெல்லி போன்றவை வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு. ஒரே '42' இரண்டு செ.மீ. வித்தியாசமாக வரும். கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் தலைசுற்றலுக்கு வருவோம். 26, 31.8 எல்லாம் ஸ்டெம் கவ்வும் நடுப்பகுதியின் விட்டம். 31.8 இன்றைய தடித்த கம்பி. ஒல்லியான எஃகு ஃபிரேமுக்கு முன்னால் அது, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி நிற்கும். 26.0 இத்தாலியர்கள் பரப்பிய ரோடு அளவு, நிட்டோவில் 25.4உம் கிடைக்கும். பழைய சினெல்லி 26.4. இதெல்லாம் போக பிரான்ஸ் தனி வீட்டுக் கணக்கு வைத்திருந்தது: 25.0. உங்களுடையது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். டேப் அளவுகோல் இந்த வேலைக்கு உதவாது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 25.0 ஸ்டெம்மை நெம்பி 26.0 கம்பியை உள்ளே தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுமினியம் எஃகு மாதிரி வளைந்து கொடுத்து முன்னெச்சரிக்கை செய்யாது, ஒரு நாள் விரிசல் விட்டுச் சட்டென்று உடையும். எதிர்த்திசைத் தப்பும் உண்டு: ஸ்டெம் பெரிது, கம்பி சிறிது, நடுவில் பியர் கேனை வெட்டிச் சொருகுவது. 0.4 மி.மீ. வித்தியாசத்துக்கு இது காலங்காலமாக நடக்கிறது, பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உடம்பின் பாரம் முழுக்கத் தாங்கும் இடத்தில் பியர் கேனை நான் நம்ப மாட்டேன். கம்பியும் ஸ்டெம்மும் ஒரே எண்ணில், ஜோடியாக வாங்குங்கள். என் தேர்வு 26.0. ஐம்பது வருடம் வேர்வை குடித்த அலுமினியக் கம்பியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அதோடு ஸ்டெம்மையும்.

இங்கே பெஜோ இன்னொரு முடிச்சு போடும். ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் ஸ்டெம் தண்டு உலகமெங்கும் 22.2 மி.மீ. என்றால், பிரெஞ்சு சைக்கிளில் 22.0. புது ஸ்டெம்மைச் சொருகினால் பாதியில் நிற்கும். சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள், இறங்கினாலும் திரும்ப வராது. உள்ளே போகும் பகுதியை மட்டும் உப்புத்தாள் பட்டையால், ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இரு கையாலும் இழுத்து இழுத்துச் சுற்றிலும் தேயுங்கள். பக்கத்துக்கு 0.1 மி.மீ. போனால் போதும். நாலு இழுப்புக்கு ஒருமுறை காலிப்பர் வைத்துப் பாருங்கள். ஒரே பக்கம் தேய்த்தால் முட்டை வடிவமாகிவிடும். கையால் அழுத்தினால் வழவழவென்று இறங்கும்போது நிறுத்தி, தூளைத் துடைத்து, கிரீஸ் பூசி, குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியாதபடி இறக்குங்கள்.

கம்பியை ஸ்டெம்முக்குள் நுழைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய பாணி ஸ்டெம்மின் வாய் திறக்காது, ஒற்றை போல்டுதான். வளைவுகளை மெதுவாக உருட்டி உருட்டி நடுப்பகுதிவரை கொண்டுவர வேண்டும். வாயின் ஒரு பக்கத்தில் மரை இருந்தால், போல்டை எதிர்ப்பக்கமாகத் திருகி, பிளவில் ஒரு காசை வைத்து அதன்மேல் முட்டவிடுங்கள். வாய் கொஞ்சம் விரியும், கம்பியில் கீறல் விழாது. கம்பி நுழையும் அளவு போதும், பேராசை வேண்டாம்.

இனி பொருத்துவது. கம்பியின் மேல்பகுதி தரைக்கு இணையாகவோ ஒரு துளி மேல்நோக்கியோ இருக்கட்டும். அப்போது கீழ்ப்பிடியின் முனை பின் பிரேக்கைப் பார்த்தமாதிரி லேசாகச் சாயும், அது பரவாயில்லை. ஒரு ஸ்கேலை மேல்பகுதியில் வைத்து முன்னால் நீட்டுங்கள். ரப்பர் உறை ஸ்கேலோடு ஒட்டிப் போகும் இடத்தில் ஷிஃப்டரை இறுக்குங்கள். அப்புறம் கீழே பிடித்து ஆள்காட்டி விரலை நீட்டிப் பாருங்கள். முதல் கணு லீவரைத் தாண்டி வளைய வேண்டும். எட்டவில்லையென்றால் லீவரை உள்ளே இழுக்க ஷிஃப்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருப்புங்கள். இதை முதலிலேயே செய்து பார்க்காமல் ஹேண்டில்பாரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

பழைய பாணிக் கம்பிகள் பலவற்றில் கேபிளுக்குப் பள்ளம் இருக்காது. பிரேக் கேபிளை முன்பக்கமும் கியர் கேபிளைப் பின்பக்கமும் ஓட்டி, மூன்று இடத்தில் மின்சார டேப் சுற்றினால் கை மறந்துவிடும். கியர் கேபிளின் உறை முட்டி நிற்கக் கீழ்க்குழாயில் ஒரு தடுப்பு வேண்டும். கடையில் கிடைக்கும் தடுப்புப் பட்டைகள் 28.6 மி.மீ. குழாய்க்கானவை, பிரெஞ்சுக் குழாய் 28.0. அடியில் பழைய டியூப் ரப்பரை ஒரு சுற்று வைத்தால் வழுக்காது, பெயின்ட்டும் பிழைக்கும். பிரேக் பழையதாகவே இருந்தால் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். புது லீவர் கேபிளை அதிகம் இழுக்கும், அதனால் பலம் குறைவாகக் கொடுக்கும். முதல் நாள் சரிவான தெருவில் இறங்காதீர்கள்.

கழற்றிய பழைய கம்பி, ஸ்டெம், லீவர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும், பழைய சைக்கிள்களுக்கான லெரோய்கா ஓட்டத்துக்குப் போகும் ஆசை வந்தால், பொதுவாக 1987க்கு முந்தைய சைக்கிளும் கீழ்க்குழாய் கியரும் கேட்பார்கள்.

கைப்பிடி டேப்பை உடனே சுற்ற வேண்டாம். ஒரு வாரம் வெறும் கம்பியிலேயே ஓட்டுங்கள், ஷிஃப்டரை இரண்டு மூன்று தடவை நகர்த்த வேண்டிவரும். அந்த வாரத்திலும் கம்பியின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கட்டும். கீழே விழுந்தால் திறந்த குழாய் முனை தொடையில் இறங்கிவிடும்.